ஆசனம் உண்டா? – தரவு தகவலாக மாறும் விதம்

விடுமுறைக்கு ஊர் செல்வதற்காக நீங்கள் புகையிரத நிலையக் கருமபீடத்தில் நிற்கிறீர்கள் எனக் கொள்வோம். "வெள்ளிக்கிழமை இரவுப் புகையிரதத்தில் ஆசனம் உண்டா?" எனக் கேட்கிறீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் விடையே தகவல் ஆகும். அது பிழையாயின் உங்கள் பயணமே தடைப்படும்.

உள்ளீடு: புகையிரத இலக்கம், திகதி, ஆசன இலக்கம், ஏறும் நிலையம், இறங்கும் நிலையம் என்பன தரவுகளாகும். தனித்தனியே பார்க்கும்போது இவை உங்கள் வினாவுக்கு விடை தரமாட்டா.

செயன்முறை: ஒரு பெட்டியில் 48 ஆசனங்கள் உள்ளன. அவற்றுள் 45 ஒதுக்கப்பட்டுவிட்டன. எனவே எஞ்சியவை 3 எனக் கூறிவிடலாமா? கூடாது. அந்த 45 பேரில் ஒருவர் இடைவழி நிலையமொன்றில் இறங்குவாராயின், அங்கிருந்து அவ்வாசனம் வெறுமையாகும். ஆகவே அந்நிலையத்தில் ஏறுபவருக்கு 4 ஆசனங்கள் உள்ளன.

வெளியீடு: "உண்டு" அல்லது "இல்லை" என்னும் விடையும் ஆசன இலக்கமும்.

இவ்வேலையைக் கையால் செய்த காலமும் உண்டு. யப்பானில் ஆசனப் பதிவேடுகள் சுழலும் வட்ட மேசையில் அடுக்கப்பட்டிருந்தன. நிலையங்களிலிருந்து தொலைபேசி அழைப்பு வரும்போது, எழுதுவினைஞர்கள் உரிய பதிவேட்டை எடுத்துப் பார்த்து, பதிந்து, விடை கூறினர். இம்முறையில் தாமதமும் தவறுகளும் ஏற்படும். ஓர் ஆசனம் இருவருக்கு வழங்கப்படவும் இடமுண்டு. 1960இல் யப்பானியத் தேசியப் புகையிரத சேவை, ஹிட்டாச்சி நிறுவனம் அமைத்த மார்ஸ்-1 என்னும் கணினி முறைமையைப் பயன்படுத்தத் தொடங்கியது.

கணினி முறைமையின் சிறப்பு வேகம் மட்டுமன்று. எல்லாக் கருமபீடங்களும் ஒரே தரவுத்தளத்தையே பார்க்கின்றன. ஆசனத்தை ஒருவருக்கு ஒதுக்கியவுடன் அது ஏனையோருக்கு "இல்லை" எனக் காட்டப்படும்.

நினைவிற் கொள்க: சிறந்த தகவல் சரியானதாகவும், உரிய வேளையில் கிடைப்பதாகவும், முழுமையானதாகவும், தேவைக்குப் பொருத்தமானதாகவும் இருத்தல் வேண்டும்.

மாதிரி வினா: காலை 8.00 மணிக்கு அச்சிட்ட வெற்று ஆசனப் பட்டியலை மாலை 4.00 மணிக்குப் பயன்படுத்துவதிலுள்ள குறைபாடு யாது?

விடை: இடைப்பட்ட நேரத்தில் ஆசனங்கள் ஒதுக்கப்பட்டிருக்கலாம் அல்லது ஒதுக்கீடுகள் இரத்துச் செய்யப்பட்டிருக்கலாம். எனவே அப்பட்டியல் காலங்கடந்தது; அதிலுள்ள தகவல் சரியானதெனக் கொள்ள முடியாது.

"பட்டியல் பழையது" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அதனால் தகவல் ஏன் பிழையாகின்றது என்பதையும் எழுதுங்கள்.