பாலம் விழுந்தால் காகிதத்தைக் கேளுங்கள்

2024 டிசம்பர் தொடக்கம். ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, நொடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைத்த உயர்மட்டப் பாலம் அந்த வெள்ளத்தோடு போனது. சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம். திறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சுமார் 54 ஆயிரம் கனஅடிக்கு வடிவமைத்தோம், வந்தது பல மடங்கு என்றது அரசுத் தரப்பு.

அதே ஆண்டு மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரில் கொழும்புக்குக் கிளம்பிய 'டாலி' என்ற சரக்குக் கப்பலில் மின்சாரம் நின்றது. எஞ்சினும் அணைந்தது. கப்பல் பாலத்தூணில் மோத, பாலம் சரிந்து, மேலே வேலை பார்த்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

காரணத்தைத் தேடிய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு ஒயரில் போய் நின்றது. அதன் நுனியில் மாட்டிய பெயர்ப்பட்டை தடுத்ததால் ஒயர் முனையத்துக்குள் முழுதாக இறங்கவில்லை. அந்த ஒயர் விலகியதும் முதல் மின்தடை. மின்சாரம் திரும்பியும் நிலைக்கவில்லை. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் கொடுக்க, அந்த வேலைக்கு உரியதல்லாத பம்பைப் பயன்படுத்தியிருந்தார்கள். மின்தடைக்குப் பிறகு அது தானாக ஓடாது. எரிபொருள் அழுத்தம் குறைந்து, மறுபடி இருட்டு.

வாரியம் கப்பலோடு நிற்கவில்லை. 1977-இல் திறந்த அந்தப் பாலத்தில் 1980-இலேயே ஒரு கப்பல் மோதியிருந்தது. டாலி அதைப்போல் சுமார் பத்து மடங்கு பெரியது. இன்றைய கப்பல்களைப் பாலம் தாங்குமா என்ற மதிப்பீட்டை யாரும் செய்யவில்லை. செய்திருந்தால், ஏற்கத்தக்க அளவைவிடச் சுமார் 30 மடங்கு ஆபத்து இருப்பது முன்பே தெரிந்திருக்கும்.

கப்பலோ வெள்ளமோ, கேள்வி ஒன்றுதான்: எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டார்கள், அந்தக் கணக்கை யார் சரிபார்த்தார்கள்? அங்கே விடை பொது அறிக்கையாக வந்தது. இங்கே நாம் கேட்டு வாங்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி நெடுஞ்சாலைத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு எழுதுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'ஏன் இடிந்தது?' என்று எழுதினால் மனு தள்ளுபடியாகலாம். ஆவண நகல்களைக் கேளுங்கள்:

• வடிவமைப்பில் எடுத்துக்கொண்ட வெள்ள அளவு, அதற்கான கணக்கீடு
• அடித்தள ஆழத்தைக் காட்டும் வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை
• தரச் சோதனை, ஆய்வுப் பதிவுகள்
• ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், பேரிடர் விலக்கு பற்றிய பிரிவுகள்

அலுவலகம் மாறிப்போனாலும் கவலையில்லை. ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

விரிசலோ, தூணடியில் மண்ணரிப்போ கண்ணில் பட்டால் படம் எடுத்து, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்வுக் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். 1100 எண்ணிலும் பதியலாம். வெள்ள நேரத்தில் மாவட்டப் பேரிடர் எண் 1077.

பால்டிமோரில் கப்பலிலிருந்து வந்த அபாய அழைப்பைக் கேட்டுப் போலீசார் வண்டிகளை நிறுத்தினார்கள். பாலத்தில் இருந்த தொழிலாளர்களுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. அணை திறக்கும் எச்சரிக்கை உங்கள் ஊருக்கு யார் வழியாக, எத்தனை மணி நேரம் முன்னதாக வரும் என்பதையும் அடுத்த கிராம சபையில் கேட்டு, தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள்.