படித்தால் புரியும் ஆங்கிலம் கேட்டால் ஏன் புரிவதில்லை?

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்க கிளையண்டுடன் ஃபோன் மீட்டிங். புது வெர்ஷனை இன்றே ரிலீஸ் செய்யலாமா என்று கேட்டேன். "வி கேன் டூ இட் டுடே" என்று பதில் வந்தது. அதாவது, என் காதில் அப்படி விழுந்தது. ரிலீஸ் செய்துவிட்டோம். அவர் சொன்னது "கேன்ட்". அந்த சனி, ஞாயிறு இரண்டும் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவதிலேயே போனது.

இத்தனைக்கும் ஆங்கிலத்தில் டாக்குமெண்ட் எழுதுகிறவன் நான். காதுதான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல.

"முடியும்" என்கிற அர்த்தத்தில் அமெரிக்கர்கள் சாதாரணமாகப் பேசும்போது "கேன்" என்று முழுதாகச் சொல்வதில்லை. "க்ன்" என்று விழுங்கிவிடுகிறார்கள். "முடியாது" என்னும்போதுதான் அந்த "ஏ" முழுதாக ஒலிக்கிறது. கடைசி "ட்" பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும். நாம் "ட்" வருமா என்று காத்திருக்கிறோம். அவர்களோ சேதியை உயிரொலியில் வைத்திருக்கிறார்கள்.

நம் மொழியும் லேசுப்பட்டதல்ல. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று புத்தகத்தில் படித்த வெளிநாட்டுக்காரர், கோயம்பேட்டில் "வந்துட்ருக்கேன்" என்று கேட்டால் முழிக்கத்தான் செய்வார். ஆங்கிலத்தில் அடி வாங்குவது பெரும்பாலும் சின்னச் சொற்கள். "ஷுட் ஹேவ்" என்பது "ஷுடா" ஆகும், "டெல் ஹிம்" என்பது "டெலிம்" ஆகும்.

அப்படியானால் ஆங்கிலேயர்கள் எப்படிச் சொல் பிரிக்கிறார்கள்? ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கில உரையாடலில் பொருள் தரும் சொற்களில் சுமார் 90 சதவீதம் முழு உயிரொலி உள்ள அசையில்தான் தொடங்குகின்றன. அங்கே புதுச் சொல் ஆரம்பம் என்று அவர்கள் மூளை ஊகித்துக்கொள்கிறது. தமிழ்க் காதுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

டீமில் சேர்ந்த தமிழ் மீடியம் பசங்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். முதலில் செய்தது தப்பு. ஐந்து நிமிட ஆடியோ, அப்புறம் பத்து கேள்வி, மார்க். யாருமே முன்னேறவில்லை. இது பரீட்சைதானே தவிர பாடம் இல்லை என்று ஜான் ஃபீல்ட் 2008-இல் எழுதிய புத்தகத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. நம் பாஷையில் சொன்னால், அவுட்புட் தப்பு என்று சொல்லிவிட்டு டீபக் பண்ணாமல் எழுந்து போவது மாதிரி.

பிறகு முறையை மாற்றினோம்.

1. பத்து நொடி ஆடியோ மட்டும். அதுவும் செய்தி வாசிப்பு வேண்டாம், நிஜ உரையாடல்.
2. மூன்று முறை கேட்டு, காதில் விழுந்ததை அப்படியே எழுதுவது. தமிழ் எழுத்தில் எழுதினாலும் சரி.
3. சரியான வரிகளோடு ஒப்பிட்டு, விட்ட இடத்தில் வட்டம் போடுவது.
4. வரிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு முறை, மூடிவைத்துவிட்டு ஒரு முறை கேட்பது.

வட்டம் போட்ட இடங்கள்தான் சிலபஸ். நாலாவது வாரம், மீட்டிங்கில் வாயே திறக்காத ஒரு பையன் தாளைக் காட்டிச் சொன்னான்: "அண்ணா, எனக்கு வொக்காபுலரி பத்தலைன்னு நினைச்சிட்டு இருந்தேன். பாருங்க, விட்டது எல்லாமே தெரிஞ்ச வார்த்தை."

எனக்கு இதுதான் முக்கியம். "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒதுங்கி நிற்கும் பலருக்கு ஆங்கிலம் தெரியும். தெரிந்த சொல் வேறு வேஷத்தில் வருகிறது, அவ்வளவுதான். வேஷத்தைச் சொல்லிக்கொடுக்கலாம், நாற்பது வயதிலும் பிடிபடும்.

நான் தேறிவிட்டேனா? ஓரளவு. இருந்தாலும் ரிலீஸ் விஷயம் என்றால் இன்றைக்கும் "யெஸ் ஆர் நோ?" என்று ஒரு முறை கேட்டுவிடுவேன். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு மிச்சம்.