உள்ளே வைத்த ஸ்டென்ட்: மாற்றும் தேதி நினைவிருக்கிறதா?

பனமலை, செஞ்சி பகுதியிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் போய் வருபவர்களில் சிலர், "உள்ளே டியூப் வைத்திருக்கிறார்கள்" என்பார்கள். எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. அந்த டியூபைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

கர்ப்பப்பை வாய், புராஸ்டேட், மலக்குடல் ஆகிய இடங்களில் வளரும் கட்டி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாயை நெருக்கலாம். சிறுநீர் தேங்கி சிறுநீரகம் வீங்கும், கிரியேட்டினின் ஏறும். பிறகு சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தைக் கொடுப்பதே சிக்கலாகிவிடும். அதனால்தான் இரு முனையும் சுருண்ட டிஜே ஸ்டென்ட்டை வைக்கிறார்கள்.

வெந்நீர்ப் பானையில் உப்பு படிவது போல, ஸ்டென்ட்டின் மேலும் உப்பு படிந்து கல்லாகும். 1991இல் ரியாத் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்டுகளில் 9.2 சதவீதத்தில் படிவு இருந்தது. பன்னிரண்டு வாரம் தாண்டியவற்றில் அது 76.3 சதவீதம். அவர்கள் சிறுநீரகக் கல் நோயாளிகள். புற்றுநோயாளிக்கோ கீமோவால் வாந்தி, நீரிழப்பு, யூரிக் அமிலம் கூடுதல், கிருமித் தொற்று என்று காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும், சிலருக்கு அதற்கும் முன்பே வரச் சொல்வதும் இதனால்தான்.

படிந்த ஸ்டென்ட்டைப் பலவந்தமாக இழுக்கக் கூடாது, குழாயே கிழிந்துவிடும். முதலில் எக்ஸ்ரே அல்லது சிடி ஸ்கேன் எடுத்து, கல் எந்த முனையில், எவ்வளவு என்று பார்ப்பார்கள். தொற்று இருந்தால் அதற்கு மருந்து கொடுத்து, தேவைப்பட்டால் முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சிறுநீரை வடிப்பார்கள். கல்லை உடைப்பது அதற்குப் பிறகுதான். படிவு லேசாக இருந்தால் வெளியிலிருந்து அதிர்வலை போதும். இல்லையென்றால் கீழிருந்து லேசர், சிறுநீரகத்துக்குள் இருக்கும் முனைக்கு முதுகில் சிறு துளை. ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். கீமோவில் வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருக்கும் நாட்களில் இதைச் செய்வது ஆபத்து. எனவே சிறுநீரக மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் பேசித்தான் நாள் குறிக்க வேண்டும். உடல் தாங்காதவருக்கு முதுகுக் குழாயையே நிரந்தரமாக வைத்துவிடுவதும் உண்டு.

ரமளானில் சிலர் "நோன்பை விட மனமில்லை" என்று பகல் முழுதும் தண்ணீரின்றி இருக்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இவர்களுக்காகவும்தான். மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம்.

ஸ்டென்ட் வைத்த தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலிருந்து பிள்ளைகளின் போனில் ஏற்றி வையுங்கள். குளிர் காய்ச்சல், விலாவில் வலி, சிறுநீர் குறைதல் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்புங்கள். போனதும், உள்ளே ஸ்டென்ட் இருப்பதை முதலில் சொல்லுங்கள்.