ஒரே ஊர்... ஒரே ரத்தம்... ஒரு பெயருக்காக முறைத்துக்கொண்ட 'புல்டாக்' ஜோடி!

கேபிள் டி.வி. வந்த புதிதில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தத்தை கண் இமைக்காமல் பார்த்தவர்களுக்கு 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற பெயர் ஞாபகம் இருக்கும். பிரிட்டன் கொடி போட்ட உடை, பின்னல் போட்ட தலைமுடி, எதிராளியை அலேக்காக தலைக்கு மேல் தூக்கும் உடம்பு. அவர் பெயர் டேவி பாய் ஸ்மித்.

ஆனால் அந்த பெயர் முதலில் ஒருவருடையது அல்ல. இரண்டு பேருடையது. 1980-களில் 'பிரிட்டிஷ் புல்டாக்ஸ்' என்றால் ஜோடி. இன்னொருவர் 'டைனமைட் கிட்' என்ற டாம் பில்லிங்டன். மல்யுத்தம் தெரிந்தவர்களைக் கேட்டால், இரண்டு பேரில் கெட்டிக்காரர் டைனமைட்தான் என்பார்கள். அவர்தான் கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

நிலக்கரி ஊர் பையன்கள்

இங்கிலாந்தின் வடக்கே வீகன் நகரம் பக்கம் கோல்போர்ன் என்று ஒரு சின்ன ஊர். நிலக்கரி சுரங்கம்தான் அந்த ஊருக்கு சோறு போட்டது. 1979-ல் அந்த சுரங்கத்தில் நடந்த வெடி விபத்தில் 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட ஊர்.

டைனமைட்டின் அப்பா சுரங்கத் தொழிலாளி. பையன் 1958-ல் பிறந்தார். குழிக்குள் இறங்காமல் பிழைக்க அவருக்கு கிடைத்த வழி மல்யுத்தம். டெட் பெட்லி என்ற வாத்தியாரிடம் பிடி கற்றுக்கொண்டு, 1975-ல் மேடை ஏறினார். டேவி அவருக்கு உறவுக்காரர், கசின் முறை. 4 வயது இளையவர். அவரும் அதே பெட்லியிடம்தான் படித்தார். அண்ணன் போன வழியில் தம்பி போவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே!

1978-ல் டைனமைட் கனடா நாட்டு கால்கரிக்கு போனார். அங்கே ஸ்டூ ஹார்ட் என்பவர் 'ஸ்டாம்பீட்' என்ற மல்யுத்த கம்பெனி நடத்தினார். கொஞ்ச வருடம் கழித்து டேவியும் போய்ச் சேர்ந்தார். ஸ்டூ ஹார்ட்டின் மகள் டயானாவை டேவி கட்டிக்கொண்டார். ஸ்டூவின் மகன்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிரெட் ஹார்ட். அந்த பிரெட் ஹார்ட்டின் மனைவியுடைய தங்கையை டைனமைட் கல்யாணம் செய்தார். ஆக, ரிங்குக்குள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டவர்கள் எல்லாம் வீட்டில் சம்பந்தி முறை!

ஜப்பானை அதிர வைத்த சண்டை

டைனமைட் உயரம் 5 அடி 8 அங்குலம்தான். ராட்சச உருவங்கள் நிற்கும் தொழிலில் இது குள்ளம். அதை ஈடுகட்ட அவர் வேகத்தை பிடித்துக்கொண்டார். 1981-ல் டோக்கியோவில் புலி முகமூடி போட்ட ஜப்பான் வீரர் 'டைகர் மாஸ்க்'குடன் அவர் மோதிய சண்டை, மல்யுத்தம் பார்க்கும் விதத்தையே மாற்றியது. கயிற்றின் உச்சியில் ஏறி, தலையை முன்னால் நீட்டி, கீழே கிடப்பவன் மேல் பாய்ந்து விழுவார். பார்க்கிறவனுக்கு விசில் அடிக்கத் தோன்றும். விழுகிறவனுக்கு?

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 'இதெல்லாம் டூப்பு' என்பார்கள். பாதி சரி. யார் ஜெயிக்க வேண்டும் என்பதை கம்பெனி முன்கூட்டியே முடிவு செய்யும். ஆனால் விழுவது நிஜம். மேடைக்கு அடியில் இருப்பது பலகையும் இரும்பும். மேலே மெல்லிய மெத்தை, கேன்வாஸ் துணி, அவ்வளவுதான். வாரத்தில் பல ராத்திரி, வருடக்கணக்கில் அதில் முதுகை மோதினால் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம்.

டேக் டீம் என்றால் என்ன?

இரண்டு பேர் எதிர் இரண்டு பேர். ஒருவர் உள்ளே, ஒருவர் கயிற்றுக்கு வெளியே. கபடியில் தொடுவது மாதிரி, உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவரின் கையைத் தட்டினால்தான் ஆள் மாறலாம். மாறிய பிறகும் வெளியேறாமல் நின்றால் நடுவர் 5 வரை எண்ணுவார்.

ரசிகனை கட்டிப்போடும் சூட்சுமம் அந்தக் கை தட்டலில்தான் இருக்கிறது. நல்லவர் ஜோடியில் ஒருவரை எதிரிகள் துவைத்து எடுப்பார்கள். அவர் ஊர்ந்து ஊர்ந்து வந்து பார்ட்னரின் கையை தொடப்போகும் நேரத்தில் காலைப் பிடித்து இழுப்பார்கள். கூட்டம் கத்தும். கடைசியில் தொட்டதும் பார்ட்னர் புயல் மாதிரி உள்ளே புகுந்து புரட்டி எடுப்பார். புல்டாக்ஸ் ஜோடியில் டைனமைட் வேகம், டேவி பலம். அடி வாங்கவும் ஆள் இருந்தது, திருப்பிக் கொடுக்கவும் ஆள் இருந்தது.

1984-ல் வின்ஸ் மக்மஹோனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப்., கால்கரி கம்பெனியை வாங்கியது. இந்த ஜோடியும் கூடவே அமெரிக்கா போனது. 1986 ஏப்ரல் 7-ந் தேதி, சிகாகோ பக்கம் நடந்த 'ரெசில்மேனியா 2'. ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இவர்களோடு சேர்ந்து வந்தார். கிரெக் வாலண்டைன் - புரூட்டஸ் பீஃப்கேக் ஜோடியை வீழ்த்தி பெல்ட்டை வாங்கினார்கள். அதிலும் முடிவைப் பாருங்கள். டேவி எதிராளியை தள்ளிவிட, அவர் தலை டைனமைட்டின் தலையில் மோதியது. டேவி அமுக்கி ஜெயித்தபோது, டைனமைட் ரிங்குக்கு வெளியே தரையில் விழுந்து கிடந்தார்.

முதுகு போச்சு

ஜோடி புகழின் உச்சத்தில் இருந்தது 9 மாதம். 1986 டிசம்பரில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஒரு சாதாரண போட்டி. ஓடும்போதே டைனமைட்டின் முதுகு விட்டுப்போனது. 2 டிஸ்க் நாசம். ஆபரேஷன். இனி மல்யுத்தம் வேண்டாம் என்றார்கள் டாக்டர்கள்.

ஆனால் பெல்ட் இவர்களிடம் இருக்கிறதே! அதை வேறு ஜோடிக்கு 'தோற்று'க் கொடுக்க வேண்டும். 1987 ஜனவரி 26-ந் தேதி அமெரிக்காவின் டாம்பா நகரில் அதற்கு ஏற்பாடானது. நடக்கக்கூட முடியாத டைனமைட், டேவியின் மேல் சாய்ந்தபடி ரிங்குக்கு வந்தார். சண்டை தொடங்கும்போதே எதிரணி மேனேஜரின் மெகாபோனால் அவரை ஒரு போடு போடுவதாக காட்டினார்கள். அவர் வெளியே படுத்துவிட்டார். அது நடிப்பு இல்லை, எழ முடியாத மனிதனை மறைக்க செய்த ஏற்பாடு. போட்டி முழுக்க டேவி தனி ஆளாக 2 பேரை சமாளித்து தோற்றார். ஜெயித்த ஜோடி, பிரெட் ஹார்ட்டும் இன்னொரு ஹார்ட் வீட்டு மருமகன் ஜிம் நெய்ட்ஹார்ட்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

அன்று தம்பி அண்ணனை தாங்கிப் பிடித்து வந்ததைப் பார்த்தவர்கள், மூன்றே வருடத்தில் இவர்கள் பேசாமல் போவார்கள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

சில மாதத்தில் டைனமைட் திரும்பி வந்தார். படுத்திருந்தால் சம்பளம் இல்லையே! வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் கூடவே வந்தன. பழைய பாய்ச்சல் வரவில்லை. வாயும் கையும் மட்டும் குறையவில்லை. சக வீரர்களை சீண்டுவது, அடிப்பது அவருக்கு விளையாட்டு. 1988-ல் அவரிடம் அடி வாங்கிய ஜாக் ரூஜோ, கைக்குள் நாணயக் கட்டை மறைத்துக்கொண்டு வந்து முகத்தில் விட்டார் ஒரு குத்து. பல் தெறித்தது. அந்த வருட கடைசியிலேயே புல்டாக்ஸ் ஜோடி கம்பெனியை விட்டு வெளியேறியது.

பெயர் யாருக்கு?

இருவரும் கால்கரிக்கே திரும்பினார்கள். அங்கே 1989-ல் கதைக்காக ஜோடியை பிரித்து எதிரிகளாக மோதவிட்டார்கள். ஜப்பான் போனால் அதே இருவரும் ஒற்றுமையான ஜோடி! ஒரு நாட்டில் பகை, ஒரு நாட்டில் பாசம். இரண்டும் வேஷம்தான். நிஜப் பிரிவு 1990-ல் வந்தது.

ஜப்பானில் பெரிய ஜோடிப் போட்டித் தொடர் தொடங்க இருந்த சமயம். டேவி கழன்றுகொண்டார். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-க்கு தனி ஆளாக போய்விட்டார். 'பிரிட்டிஷ் புல்டாக்' என்ற பெயரை முன்பே தன் பேரில் டிரேட்மார்க் வாங்கியும் வைத்திருந்தார். டைனமைட் கையில் எதுவும் இல்லை. ஜானி ஸ்மித் என்ற வீரரை சேர்த்துக்கொண்டு 'பிரிட்டிஷ் புரூசர்ஸ்' என்று வேறு பெயரில் ஆடினார். இந்த ஸ்மித், டேவிக்கு சொந்தம் இல்லை, பெயர்தான் ஒன்று.

டேவி செய்தது துரோகமா? டைனமைட் பக்கம் நின்றால் அப்படித்தான் தெரியும். ஆனால் டேவிக்கு அப்போது வயது 28 கூட ஆகவில்லை. பெண்டாட்டி, பிள்ளைகள். பார்ட்னரின் உடம்பு தேறாது என்பது அவருக்குத் தெரியும். அவர் போனது தப்பு என்று சொல்லிவிட முடியாது. இரண்டு பேர் ரத்தம் சிந்தி சம்பாதித்த பெயரை ஒருவர் பேரில் பதிந்ததுதான் உறுத்துகிறது.

1992 ஆகஸ்டு 29-ந் தேதி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் 80 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம் என்று கம்பெனி அறிவித்தது. மச்சான் பிரெட் ஹார்ட்டை தோற்கடித்து பெல்ட் வாங்கினார் டேவி. சொந்த நாட்டு ஜனங்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். டைனமைட் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே டோக்கியோவில் ஓய்வு அறிவித்துவிட்டு, மனைவியையும் பிரிந்து இங்கிலாந்தில் இருந்தார். 1996-ல் ஜப்பானில் மறுபடி ரிங் ஏறினார். உடம்பு உருகிப்போயிருந்தது. அடுத்த வருடம் இடது கால் செயல் இழந்தது.

டேவியையும் அந்த மேடை விடவில்லை. 1998-ல் வேறு கம்பெனி போட்டியில், இன்னொரு வீரரின் அதிரடி நுழைவுக்காக ரிங்கில் ரகசியக் கதவு வைத்திருந்தார்கள். டேவி அதன் மேல் விழுந்தார். முதுகெலும்பில் காயம், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. வலி மாத்திரை பழக்கம் பிடித்துக்கொண்டது. 2002 மே 18-ந் தேதி மாரடைப்பில் இறந்தார். வயது 39. டைனமைட் 2018 டிசம்பர் 5-ந் தேதி, தன் 60-வது பிறந்த நாளன்றே கண் மூடினார்.

டபிள்யூ.டபிள்யூ.இ. தன் 2020-ம் ஆண்டு 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்று டேவியை மட்டும் சேர்த்தது. ஜோடியாக அல்ல. டைனமைட்டின் சகோதரர் பிள்ளைகள் இருவர் இப்போது மல்யுத்தத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஜோடிக்கு வைத்த பெயர் 'பில்லிங்டன் புல்டாக்ஸ்'.