திரையில் மறைந்தால் விமானம் மறைந்துவிட்டதா?

மாமியும் மாமாவும் உம்ராவுக்குப் புறப்பட்ட இரவு. கட்டுநாயக்கவில் வழியனுப்பிவிட்டு வந்த அவர்களது மகன், கையடக்கத் தொலைபேசிச் செயலியில் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நள்ளிரவு தாண்டி எனக்கு அழைப்பு வந்தது. "மச்சான், அரபிக் கடலுக்கு மேல ப்ளேன் காணாமப் போய்ட்டு!"

அதற்குள் ஸ்கிரீன்ஷொட் குடும்ப வாட்ஸ்அப் குழுமத்துக்குப் போய்விட்டது. மாமியின் மூத்த மகள் அழத் தொடங்கிவிட்டார். சில மணித்தியாலங்களில் விமானம் ஜித்தாவில் பத்திரமாகத் தரையிறங்கியது. ஆனால் அந்த இரவு யாரும் தூங்கவில்லை. இதே பதற்றம் வேறு வீடுகளிலும் ஏற்பட்டிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் செயலிக்குத் தகவல் எங்கிருந்து வருகிறது? விமானத்திலிருந்துதான். விமானம் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் செய்மதிகள் மூலம் அறிந்துகொள்கிறது. அந்த இடம், உயரம், வேகம், தனது அடையாள இலக்கம் ஆகியவற்றை ட்ரான்ஸ்பொன்டர் எனும் கருவி 1090 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்புகிறது. இடத்தை மட்டும் செக்கனுக்கு இரண்டு தடவை அறிவிக்கிறது. இம்முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர்.

இந்த ஒலிபரப்பில் இரகசியக் குறியீடு எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குக் கேட்பது, வீட்டுக் கூரையில் சிறிய அன்டெனா வைத்திருக்கும் ஆர்வலருக்கும் கேட்கும். அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அனுப்பும் தகவல்களையே செயலிகள் வரைபடத்தில் காட்டுகின்றன. 2022 ஜூலை 14 அன்று கோட்டாபய ராஜபக்ஷ மாலைதீவில் இருந்து சிங்கப்பூருக்குச் சென்ற விமானத்தை நம்மவர்கள் பலர் நேரடியாகப் பின்தொடர்ந்ததும் இப்படித்தான்.

சிக்கல் கடலில் ஆரம்பிக்கிறது. இந்த அலைகள் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டாதவை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் ஒலிபரப்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வரையே தரையில் கேட்கும். நடுக்கடலில் அன்டெனா வைக்க யாரும் இல்லை. எனவே செயலி சிறிது நேரம் ஊகித்து விமானத்தை நகர்த்தும். பிறகு படத்திலிருந்து நீக்கிவிடும். விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இருக்காது.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் இந்தச் செயலியை நம்பி இருப்பவர்கள் அல்லர். தரைக்கு அருகில் அவர்களுக்கு ராடார் இருக்கிறது. கடலில் நீள்தூர வானொலியும் செய்மதித் தொடர்பும் இருக்கின்றன. 2019 முதல் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பை விண்வெளியில் இருந்தே கேட்கும் செய்மதிகளும் பயன்பாட்டில் உள்ளன.

"அப்படியானால் எம்.எச். 370?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் பறந்த அந்த விமானத்தின் ட்ரான்ஸ்பொன்டர் நடுவழியில் நின்றுபோனது. அதன் பிறகும் மலேசிய இராணுவ ராடாரில் அது தெரிந்தது. செய்மதியுடனான தொடர்பு மேலும் பல மணித்தியாலம் நீடித்தது. ஆக, திரையிலிருந்து மறைந்த நேரமும் விமானம் வீழ்ந்த நேரமும் அங்கேயும் ஒன்றல்ல.

இன்னொன்று, விமானம் சொல்லும் இடமே சில வேளை பிழையாகலாம். யுத்தப் பிராந்தியங்களில் போலி ஜிபிஎஸ் சமிக்ஞைகள் அனுப்பப்படுகின்றன. கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் பறந்த விமானங்கள், பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகத் திரைகளில் தெரிந்த சம்பவங்கள் உண்டு.

உறவினர் பயணிக்கும்போது செயலியைப் பார்ப்பதில் தவறில்லை, நானும் பார்ப்பவன்தான். விமானம் மறைந்தால், கடைசியாகத் தெரிந்த இடம் கடலா என்று முதலில் பாருங்கள். போய்ச்சேரும் விமான நிலையத்தின் வருகைப் பட்டியலைப் பாருங்கள். விமான நிறுவனத்திடம் கேளுங்கள். அதுவரை அந்த ஸ்கிரீன்ஷொட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரே விமானத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் உறவுகள் இருக்கின்றன.