உத்தரவாதம் இருக்கிறது... ரசீது இருக்கிறதா?



வழக்கமாக இந்தக் கருத்தரங்க மேடையில் நான் கேள்வி கேட்பவள். பதில் சொல்பவர்கள் விருந்தினர்கள். பயனீட்டாளர் உரிமை பற்றிய அங்கத்தில் மட்டும் நான் இருக்கை மாறி அமர்ந்தேன். கேட்ட கதையாக இருந்தால் வேறொருவர் பேசியிருப்பார். இது நான் பட்ட கதை. அன்று பேசியதோடு, நேரம் போதாமல் விட்டுப்போன சில தகவல்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

2023-ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு மறுநாள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், பின்னிருக்கையில் அப்பாவும் அம்மாவும். தாப்பாவைத் தாண்டியதும் மீட்டருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் குவளை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தது. உடனே என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போல ஒரு சத்தம். சாலையோரம் ஒதுங்கி என்ஜினை அணைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை.

கார் வாங்கி மூன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஓடியது 68,000 கிலோமீட்டர். ஐந்தாண்டு உத்தரவாதம் இருந்தது. "கவலைப்படாதம்மா, வாரண்டி இருக்கே" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மூன்று நாள் கழித்துச் சேவை மையத்திலிருந்து அழைப்பு வந்தது. "என்ஜின் போய்விட்டது, தங்கச்சி. 14,600 ரிங்கிட் ஆகும். உங்கள் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை இல்லை. அதனால் வாரண்டி கிடைக்காது. அப்பாவை வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம் விளக்குகிறோம்."

ஒன்பதாண்டுக் கடனில் வாங்கிய கார் அது. மாதம் 640 ரிங்கிட் தவணை, இன்னும் ஐந்தரை ஆண்டு பாக்கி. ஓடாத காருக்குத் தவணையும் கட்டி, என்ஜினுக்கும் 14,600 ரிங்கிட் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. அம்மாவை மாதந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அந்தக் காரில்தான்.

அந்த முத்திரை எங்கே போனது?

தவறு என் பக்கமும் இருந்தது. அதை மறைக்கவில்லை. 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த சமயம், சேவை மையத்தில் தேதி கிடைக்கவில்லை. வீட்டுக்கு அருகிலுள்ள பட்டறையில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிக்கொண்டேன். பட்டறைக்காரர் நமக்குத் தெரிந்த அண்ணன். "நம்ம ஆள்தானே, ரசீது எதற்கு?" என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்! தெரிந்தவரிடம் ரசீது கேட்டால் அவரைச் சந்தேகப்படுவது போலாகிவிடுமோ என்று கூச்சப்படுகிறோம். ஆனால், பின்னால் கணக்குக் கேட்கப் போகிறவர் அந்த அண்ணன் இல்லை. நம்மை அறியாத ஒரு நிறுவனம் கேட்கும். அதற்கு நம் முகம் தெரியாது, தாள்தான் தெரியும்.

என்ஜின் ஏன் பழுதாகிறது?

தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள் நான். என்ஜினுக்கும் எனக்கும் அதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசுவதில்லை. நடுவே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதை எல்லா இடத்துக்கும் அழுத்தத்தோடு அனுப்புவது ஆயில் பம்ப். அழுத்தம் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். அதன் பிறகு ஓட்டினால் பேரிங் தேய்ந்து, என்ஜின் இறுகிவிடும். ஆகவே, அந்த விளக்கைக் கண்டால் "அடுத்த டோல் வரை போய்விடலாம்" என்று எண்ணக் கூடாது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும்.

தண்ணீர் குறைந்து என்ஜின் சூடேறினால் மேல்மூடி வளைந்து கேஸ்கெட் போகும். டைமிங் பெல்ட் அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். வெள்ளத்தில் மூழ்கிய காரை முடுக்கினால் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு, உள்ளிருக்கும் தண்டு வளைந்துவிடும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளச் சேதம் உத்தரவாதத்தில் சேராது. அது காப்புறுதியின் பொறுப்பு. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளத்துக்கென்று கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

உத்தரவாதம் எதற்குப் பொறுப்பேற்கிறது? பொதுவாக, தயாரிப்பிலோ பாகத்திலோ உள்ள குறைக்கு. பராமரிக்காமல் விட்டது, தவறான எண்ணெய் ஊற்றியது, என்ஜினை மாற்றியமைத்தது ஆகியவற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. எனவே, சண்டையெல்லாம் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: இந்த என்ஜின் எதனால் பழுதானது?

நான் கேட்ட கேள்வி

"முத்திரை இல்லை" என்று அவர்கள் சொன்னபோது முதலில் அழுகைதான் வந்தது. பிறகு ஒரு நண்பர் சொன்னார்: "விட்டுப்போன முத்திரைக்கும் உடைந்த பாகத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேள்." அந்த ஒரு வாக்கியம் என்னைக் காப்பாற்றியது.

நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மறுப்பை எழுத்தில் கேட்டேன். கவுண்டரில் வாயால் சொல்லும் மறுப்பு நாளை மாறிவிடும். எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று கடிதமோ மின்னஞ்சலோ தரும்படி கேட்டேன்.

இரண்டாவது, கிளையோடு நிற்காமல் கார் நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் எழுதினேன். பழுது நேர்ந்த தேதி, இடம், ஓடிய தூரம், இழுவை வண்டியின் ரசீது எல்லாவற்றையும் இணைத்தேன். அன்று சாலையோரம் நின்றபோது எரிந்துகொண்டிருந்த விளக்கைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தேன். அதில் நேரம் பதிவாகியிருந்தது. இழுவை வண்டி ஏற்றிய நேரம் ரசீதில் இருந்தது. விளக்கு எரிந்த பிறகும் நான் ஓட்டினேன் என்று யாரும் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது, என் முன்னிலையில் என்ஜினைத் திறக்கச் சொன்னேன். திறப்பதற்கும் கூலி உண்டு. பாகத்தின் குறை என்று தெரிந்தால் அந்தக் கூலி அவர்களுடையது என்று முன்கூட்டியே எழுதி வாங்கினேன். கழற்றிய பாகங்களை வீசக் கூடாது என்றும் அதிலேயே எழுதினேன்.

நான்காவது, பட்டறைக்கார அண்ணனிடம் போனேன். "ரசீது இல்லையே தங்கச்சி" என்று தலையைச் சொறிந்தவர், இழுப்பறையிலிருந்து பழைய 555 புத்தகங்களை எடுத்துக் கொட்டினார். இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைத்தது! தேதி, என் கார் எண், ஓடிய தூரம், எண்ணெயின் வகை, ஃபில்டர், வாங்கிய காசு, எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. அதை நகலெடுத்து, அவரிடம் கையொப்பம் வாங்கி அனுப்பினேன்.

என்ஜினைத் திறந்தபோது எண்ணெய் சரியான அளவில் இருந்தது. கசடு இல்லை. ஆயில் பம்ப்தான் உள்ளே உடைந்திருந்தது. அதாவது, பராமரிப்புக் குறையால் வந்த சேதம் அல்ல. இருந்தும், நல்லெண்ண அடிப்படையில் பாதிச் செலவை ஏற்பதாகத்தான் நிறுவனம் பதில் எழுதியது.

சட்டம் நம் பக்கம்

பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நிறுவனம் தரும் உத்தரவாதப் புத்தகம் மட்டுமே நம் உரிமை அல்ல. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இந்த உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி நீக்கிவிட முடியாது.

பழுதைச் சரிசெய்ய முடியுமானால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்யும்படி விற்றவரைக் கேட்கலாம். அவர் செய்யாவிட்டால் வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவை அவரிடம் கோரலாம். சரிசெய்ய முடியாத பழுது அல்லது பெரும் பழுது என்றால் பொருளை ஏற்க மறுக்கலாம், அல்லது மதிப்புக் குறைந்ததற்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால், ஏற்க மறுப்பதைக் காலம் கடத்தாமல் செய்ய வேண்டும். நாமே முறைகேடாகப் பயன்படுத்திக் கெடுத்த பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இந்த உரிமையைக் கேட்கும் இடம் பயனீட்டாளர் தீர்ப்பாயம். உள்நாட்டு வாணிபம் மற்றும் வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது. முன்பு 25,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நிறுவனமும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். முதல் விசாரணையிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது விதி. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்.

கார் முழுவதையும் திருப்பிக் கொடுத்து, 50,000 ரிங்கிட்டுக்கு மேல் கேட்க நினைப்பவர்கள் நீதிமன்றம்தான் போக வேண்டும். என்ஜின் செலவு போன்ற கோரிக்கைக்குத் தீர்ப்பாயமே போதும். தனியே போகத் தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

நான் 5 ரிங்கிட் கட்டிப் பதிந்தேன். விசாரணைத் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். பாகமும் கூலியும் முழுவதும் அவர்கள் ஏற்பதாகச் சொன்னார்கள். இழுவை வண்டிச் செலவையும், இடையில் வாடகைக் காருக்குக் கொடுத்த பணத்தையும் நான் விட்டுக்கொடுத்தேன். உடன்பாட்டை எழுத்தில் வாங்கிய பிறகே கையொப்பமிட்டேன். பழுதான நாளிலிருந்து 83-ஆம் நாள் கார் வீட்டுக்கு வந்தது.

தவணையை நிறுத்தாதீர்கள்

நிகழ்ச்சி முடிந்ததும் ஓர் இளைஞர் கேட்டார்: "கார் ஓடவில்லையே அக்கா, தவணையை ஏன் கட்ட வேண்டும்?" கோபம் நியாயமானதுதான். ஆனால், கடன் வங்கியோடு, சண்டை விற்றவரோடு. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், முன்னறிவிப்புக் கொடுத்துக் காரைக் கைப்பற்றும் நடவடிக்கையை வங்கி தொடங்க முடியும். பிறகு வழக்குப் போட நம்மிடம் காரே இருக்காது. சிரமம் என்றால் முன்னதாகவே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தச் சேவை மையத்துக்குக் காரை எடுக்கப் போனபோது அப்பாவும் வந்தார். பணியாளர் பாரங்களை அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "கோப்பு முழுவதும் மகளிடம் இருக்கிறது. அவளிடமே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போதும் பட்டறைக்கார அண்ணனிடம் போகிறேன். காசைக் கொடுப்பதற்கு முன் அவரே ரசீதை எழுதி நீட்டிவிடுகிறார். நீங்களும் உங்கள் சர்வீஸ் புத்தகத்தை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு முத்திரை விடுபட்டிருந்தால், அதைச் செய்தவர் நினைவில் வைத்திருக்கும்போதே போய்க் கேளுங்கள்.