சளிக்காய்ச்சல் மிகும் காலத்தில்

இந்தியாவில் இன்புளுயென்சாக் காய்ச்சல் ஆண்டில் இருமுறை மிகுதியாகக் காணப்படுகிறது: ஜனவரி முதல் மார்ச் வரை ஒருமுறை, பருவமழையை அடுத்து மற்றொருமுறை. இதனை உண்டாக்குவது வைரஸ் என்னும் நுண்கிருமி. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகள் வாயிலாக இது பிறரை அடைகிறது. பெரிய துளிகள் விரைவில் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவையோ அடைத்த அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கும். எனவே, வகுப்பறையின் சன்னல்களைத் திறந்து வைப்பது செலவில்லாத முதற் காப்பாகும்.

நோயுற்றவர் காய்ச்சல் காண்பதற்கு ஒரு நாள் முன்னரே கிருமியைப் பரப்பத் தொடங்குகிறார்; பின்னரும் 5 முதல் 7 நாட்கள் வரை பரப்பக்கூடும். ஆகையால், காய்ச்சலுள்ள பிள்ளையை வருகைப் பதிவின் பொருட்டுப் பள்ளிக்கு வரச் செய்தல் தகாது. மருந்தின்றியே காய்ச்சல் தணிந்து ஒரு நாளேனும் கழிந்த பின்னர் வரச் சொல்லுதல் நன்று. இவ்விதி ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் பொருந்தும். கடமையை எண்ணிக் காய்ச்சலோடு வீடுவீடாகச் செல்பவர், தாம் காக்கச் சென்ற இல்லங்களுக்கே நோயைக் கொண்டு சேர்க்கிறார்.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை. மருத்துவர் கூறாது அவற்றை உட்கொள்ளலாகாது. முதியோர், கருவுற்ற பெண்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு இந்நோய் நிமோனியாவாக முற்றுவதுண்டு. இருமலுள்ள குழந்தை அமைதியாக இருக்கையில், அதன் மூச்சை ஒரு நிமிடம் முழுதும் எண்ணுக. 2 மாதம் முதல் ஓராண்டுக்குட்பட்ட குழந்தைக்கு 50, அதற்கு மேல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40 என்னும் அளவையோ அதற்கு மேலோ மூச்சு எட்டினால், தாமதியாது மருத்துவரிடம் அனுப்புக. இதற்கு வினாடி முள்ளுள்ள கடிகாரம் ஒன்றே போதும்.